வியட்நாம் போரை மாணவர்கள் நிறுத்தினார்களா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "வியட்நாம் போரை நிறுத்தியது அமெரிக்க மாணவர்களின் தீவிரப் போராட்டம்தான் என்று எங்கள் விடுதியில் ஒரு சீனியர் அடித்துச் சொல்கிறார். கொடி பிடித்து ஊர்வலம் போனவர்களால் ஒன்றும் ஆகவில்லையாம், கட்டடத்தைப் பிடித்தவர்களுக்கும் குண்டு வைத்தவர்களுக்கும்தான் அரசு பணிந்ததாம். உண்மையா? அவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் படிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மேலுக்கு இது வரலாற்றுக் கேள்வி. உள்ளே இன்னொன்று இருக்கிறது: நியாயமில்லாத ஒரு போரைத் தன் அரசே நடத்தும்போது இருபது வயதுப் பிள்ளை என்ன செய்தால் அது எடுபடும்? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பாளையில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். இளங்கலையில் அமெரிக்க வரலாறு ஒரு தாள். ஏறக்குறைய எல்லா வருஷமும் அது என் தலையில்தான் வரும். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை, ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஆராய்ந்தவனும் இல்லை. ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்துப் பாடம் சொன்னவன். அந்த அளவுக்கு என் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரை மாணவர்கள் நிறுத்தவில்லை. போரை நடத்தியவர்கள் நினைத்ததையெல்லாம் செய்ய முடியாமல் போனதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கும், உங்கள் சீனியர் எதை ஒன்றுக்கும் ஆகாதது என்று தள்ளுகிறாரோ, பெரும்பாலும் அந்த வேலையால் வந்தது.

அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது நம்மூரில் இருந்து பார்க்கும்போது சட்டென்று விளங்காது. நம் ராணுவத்தில் விரும்பிச் சேர்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். அங்கே அப்போது கட்டாய ராணுவச் சேவை இருந்தது. பதினெட்டு வயதானால் பெயரைப் பதிய வேண்டும், ஒரு அட்டை கொடுப்பார்கள், அழைப்பு வந்தால் போய்த்தான் ஆகவேண்டும். கல்லூரியில் படிக்கிறவரைக்கும் விலக்கு உண்டு. ஆகவே கல்லூரிக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முதலில் போனார்கள். 1966இல் மதிப்பெண் குறைந்த மாணவனுக்கு விலக்கு பறிபோகலாம் என்ற ஏற்பாடும் வந்தது. ஒரு பேராசிரியர் போடுகிற மதிப்பெண்ணில் ஒரு பையன் போர்க்களம் போவதா இல்லையா என்பது தொங்கியது. விடைத்தாள் திருத்திய என் கைக்கு அது எவ்வளவு கனமான விஷயம் என்று தெரியும். 1964 கடைசியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 23,000 பேர். அடுத்த வருஷக் கடைசியில் 1,84,000. 1969 ஏப்ரலில் 5,43,000. இந்த ஏறுமுகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1965 மார்ச் 24ஆம் தேதி ராத்திரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் சிலர் போரைக் கண்டித்து ஒருநாள் வகுப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மாநில ஆளுநரும் சட்டமன்றமும் கொதித்தெழுந்தார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைநிறுத்தமா என்று. அதன் பிறகு ஆசிரியர்கள் யோசனையை மாற்றினார்கள். வகுப்பை நிறுத்த வேண்டாம், கூடுதலாக நடத்துவோம், ராத்திரி முழுக்க நடத்துவோம் என்றார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். மாணவியர் விடுதிக்கு ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்த ஒரு இரவுக்குத் தளர்த்தப்பட்டது. இடையில் வெடிகுண்டு மிரட்டல் வந்து மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வெளியே கொட்டும் குளிரில் நின்றுகொண்டே பேச்சைத் தொடர்ந்தார்கள். வியட்நாம் எங்கே இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் அங்கே என்ன செய்தார்கள், 1954இல் ஜெனீவாவில் என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, அதில் எது நடக்கவில்லை என்று விடியும்வரை கேள்வியும் பதிலுமாகப் போனது. போரை ஆதரித்தவர்களும் எழுந்து பேசினார்கள். சில வாரங்களில் இந்த முறை நாடெங்கும் கல்லூரிகளுக்குப் பரவியது. அதே வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி, 'ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்' என்ற அமைப்பு வாஷிங்டனில் கூட்டிய ஊர்வலத்துக்கு ஏறக்குறைய 20,000 பேர் வந்தார்கள். அதற்கு முன் அந்த நாட்டில் இந்தப் போருக்கு எதிராக மாணவர்கள் அப்படித் திரண்டதில்லை.

இவ்வளவும் செய்தும் படையினர் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போனது. தீவிரம் எங்கிருந்து பிறந்தது என்றால் இங்கிருந்துதான். உங்கள் சீனியருடைய மனக்கொதிப்பை நான் லேசாக நினைக்கவில்லை. தாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க, தொலைக்காட்சியில் தினமும் நாப்பாம் என்ற தீக்குண்டு எரிவதைப் பார்க்கிற பிள்ளைக்கு மனு கொடுப்பதில் எத்தனை நாள் நம்பிக்கை இருக்கும்? 1967 அக்டோபர் 18ஆம் தேதி, நாப்பாம் தயாரித்த டவ் கெமிக்கல் கம்பெனி வேலைக்கு ஆளெடுக்க விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, மாடிசன் வளாகத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள் உட்கார்ந்து வழிமறித்தார்கள். போலீஸ் தடியோடு உள்ளே புகுந்தது, வெளியே கண்ணீர்ப்புகை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் பலர் மறுநாள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். 1968 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடங்களையே பிடித்தார்கள். அங்கே காரணம் இரண்டு: ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றோடு பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பு ஒன்று, பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமின் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்ட முயன்றது இன்னொன்று. சுமார் 700 பேர் கைதானார்கள். பல்கலைக்கழகம் அந்தக் கட்டட வேலையைக் கைவிட்டது, ராணுவ நிறுவனத்தோடு இருந்த உறவையும் தளர்த்தியது. உங்கள் சீனியர் பக்கம் சேர வேண்டிய நியாயம் இது, சேர்த்துவிடுகிறேன். ஆனால் கவனியுங்கள், பணிந்தது ஒரு பல்கலைக்கழகம்.

1969 ஜூனில் சிகாகோ மாநாட்டில், வாஷிங்டன் ஊர்வலத்தைக் கூட்டிய அந்த மாணவர் அமைப்பு உடைந்தது. உடைந்த துண்டுகளில் ஒன்று 'வெதர்மேன்' என்ற குழு. இனி தெருச்சண்டைதான், போரை நாட்டுக்குள்ளேயே கொண்டுவருவோம் என்றது. அக்டோபர் 8ஆம் தேதி தொடங்கி நான்கு நாள் சிகாகோவில் கண்ணாடிகளை உடைத்துப் போலீஸோடு மோதினார்கள். ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தவர்கள் சில நூறு பேர். அடுத்த வாரமே, அக்டோபர் 15ஆம் தேதி, 'மொரட்டோரியம்' என்ற பெயரில் வேலையை நிறுத்திப் போரைப் பற்றிப் பேசும் நாள் ஒன்று நாடு முழுக்க நடந்தது. டாக்டர்கள், குடும்பப் பெண்கள், பாதிரியார்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கலந்துகொண்டார்கள். கறுப்புப் பட்டை கட்டினார்கள், மணி அடித்தார்கள், செத்த சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சுமார் இருபது லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரே வாரத்தில் ஒரே நாட்டில் நடந்த இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டுத்தான் இந்தப் பாடத்தை நான் தொடங்குவேன்.

குண்டு விஷயத்துக்கு வருகிறேன். 1970 மார்ச் 6ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் வெதர்மேன் குழுவினர் தயாரித்த குண்டு வெடித்து அவர்களிலேயே மூன்று பேர் செத்தார்கள். ராணுவ முகாம் ஒன்றில் நடக்கவிருந்த நடன நிகழ்ச்சிக்காகச் செய்த குண்டு அது. சிப்பாய்களும் அவர்களோடு வரும் பெண்களும் இருந்திருப்பார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 24ஆம் தேதி அதிகாலை 3.42க்கு மாடிசனில், ஸ்டெர்லிங் மண்டபத்தை ஒட்டி நிறுத்திய திருட்டு வேன் வெடித்தது. உரத்தையும் எரிபொருளையும் கலந்து செய்த குண்டு, ஏறக்குறைய ஒரு டன். வைத்தவர்கள் நான்கு இளைஞர்கள். குறி மேல்மாடிகளில் இருந்த ராணுவக் கணித ஆராய்ச்சி மையம். அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள், போலீஸுக்குப் போன் செய்து எச்சரித்தார்கள், அது நேரத்துக்கு உதவவில்லை. செத்தவர் ராபர்ட் ஃபாஸ்நாக்ட், வயது 33, இயற்பியல் ஆய்வாளர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். கீழே தன் ஆய்வகத்தில் மிகக் குளிர்ந்த நிலையில் உலோகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர். ராணுவ மையத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மையத்தைவிட இயற்பியல் துறைக்குத்தான் சேதம் அதிகம். அதுவரை போர் எதிர்ப்பில் நாட்டுக்கே முன்னால் நின்ற மாடிசன் வளாகம் அதற்குப் பிறகு அடங்கிப்போனது. ராத்திரி ஆய்வகத்தில் விளக்கெரிய வேலை செய்கிற ஆராய்ச்சி மாணவர்களை நம் பல்கலைக்கழகத்திலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்கள் முகம்தான் வரும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். குண்டு வைத்தவர்கள் கையால் போனதைவிட அதிக உயிர் அரசின் கையால் போனது. 1970 ஏப்ரல் 30ஆம் தேதி, வியட்நாமின் பக்கத்து நாடான கம்போடியாவுக்குள்ளும் படை நுழைவதாக அதிபர் நிக்ஸன் அறிவித்தார். போர் சுருங்கும் என்று நம்பியிருந்த பிள்ளைகள் கொந்தளித்தார்கள். ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், நம்மூர் என்.சி.சி. போன்ற ராணுவப் பயிற்சிப் பிரிவின் கட்டடம் மே 2ஆம் தேதி ராத்திரி எரிந்தது. மே 4ஆம் தேதி மத்தியானம் மாநிலத் தேசியப் படையினர் மாணவர்களை நோக்கிச் சுட்டார்கள். 13 விநாடி, 67 ரவை. நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயம்பட்டார்கள். இறந்த நால்வரில் இருவர் போராட்டத்திலேயே இல்லை. அவர்களில் ஒருவர் அந்த ராணுவப் பயிற்சிப் பிரிவில் இருந்த மாணவர். பதினோரு நாள் கழித்து மிசிசிப்பியில் ஜாக்ஸன் ஸ்டேட் என்ற கறுப்பின மாணவர் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். கென்ட் ஸ்டேட் பெயர் உலகத்துக்கே தெரியும், ஜாக்ஸன் ஸ்டேட் பெயரை என் மாணவர்களில் ஒருவர்கூட முன்பே கேள்விப்பட்டிருந்ததில்லை. ஏன் என்று யோசியுங்கள்.

அந்த மே மாதத்தில் நாடு முழுக்கச் சுமார் நாற்பது லட்சம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் மூடின. ஆனால் கென்ட் ஸ்டேட் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மக்களைக் கேட்டபோது 58 சதவீதம் பேர் மாணவர்கள் என்றார்கள். படையினர் என்றவர்கள் 11 சதவீதம். போரை மக்கள் ஆதரித்ததால் இப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1968 ஆகஸ்டிலேயே பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர் இந்தப் போர் தவறு என்று சொல்லியிருந்தார்கள். போரையும் வெறுத்தார்கள், எதிர்த்த மாணவர்களையும் வெறுத்தார்கள். அதைவிட ஆச்சரியம், அந்தக் காலக் கருத்துக்கணிப்புகளில் கல்லூரி படித்தவர்களைவிடப் பள்ளிப்படிப்போடு நின்றவர்கள்தான் போரை அதிகம் எதிர்த்தார்கள். சண்டைக்குப் போனது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மாணவர்கள் அவர்களோடு கைகோக்கப் பெரும்பாலும் தெரியாமல் போனார்கள். அந்த இயக்கத்தின் பெரிய நஷ்டம் அதுதான் என்பது என் கருத்து.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டபோது தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நானும் அப்போது மாணவன். பாளையிலிருந்து முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை வழியாகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தோம். ஆகஸ்ட் வெயில். வழியில் ஒரு கடை அண்ணாச்சி காசு வாங்காமல் நன்னாரி சர்பத் கலக்கிக் கலக்கிக் கொடுத்தார், கண் கலங்கியிருந்தது. திரும்பும்போது எங்களில் யாரோ ஒரு டவுன் பஸ்ஸில் கல் எறிந்தார்கள். கண்ணாடி சிதறி உள்ளே இருந்த ஒரு அம்மாவுக்கு நெற்றியில் ரத்தம். மறுநாள் அதே கடைக்குப் போனேன். அண்ணாச்சி சர்பத் கொடுத்தார், காசை எண்ணி வாங்கிக்கொண்டார். "நீங்க சொன்னதெல்லாம் சரிதாம்டே. பஸ்ல வந்த பொம்பள என்னடே செஞ்சா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த 58 சதவீதத்தைப் பின்னால் படித்தபோது அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இன்னும் பின்னால் போனால் 1908 மார்ச் 13 இருக்கிறது. வ.உ.சி. கைதானதைக் கேட்டு திருநெல்வேலி பொங்கியெழுந்த நாள். நகராட்சி அலுவலகமும் போலீஸ் ஸ்டேஷனும் தபால் ஆபீஸும் எரிந்தன. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்தக் கோபம் புனிதமானது, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்க விரல்விட்டு எண்ணும் ஆட்களே இருந்தார்கள். ஒருநாள் பொங்கின ஊரை நாலு வருஷம் கட்டிக்காக்க ஆளும் அமைப்பும் மிஞ்சவில்லை, அடக்குமுறை எல்லாவற்றையும் சிதைத்திருந்தது.

மாணவர் போராட்டம் போரைச் சுருக்கியதா என்பதில் எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். கம்போடியாவிலிருந்து தரைப்படையை 1970 ஜூன் கடைசிக்குள் திருப்பி அழைத்துக்கொள்வதாக நிக்ஸன் சொல்ல வேண்டிவந்தது, அங்கே படையனுப்பப் பணம் தராமல் தடுக்கும் தீர்மானம் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் நிறைவேறியது. இது உறுதி. கட்டாயச் சேவை 1973இல் முடிந்தது, வாக்களிக்கும் வயது 1971இல் பதினெட்டாகக் குறைந்தது. இவற்றிலும் இளைஞர் கொந்தளிப்புக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் பெரிதாக மறுப்பதில்லை. விவாதத்தில் இருப்பது 1969. நவம்பர் 1க்குள் இறங்கிவராவிட்டால் பெரிய தாக்குதல் என்று எதிர்த்தரப்பான வட வியட்நாமுக்கு நிக்ஸன் ரகசியமாகக் கெடு வைத்திருந்தார், பிறகு கைவிட்டார். அக்டோபர் 15 எதிர்ப்பால் தன் கெடுவுக்கு மதிப்பில்லாமல் போனது என்று பின்னாளில் அவரே எழுதினார். அதை அப்படியே நம்பும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தத் தாக்குதல் பலன் தராது என்று அவருடைய ஆலோசகர்களே சந்தேகப்பட்டதுதான் முதல் காரணம் என்பவர்களும் உண்டு. நான் முதல் பக்கம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன். எப்படிப் பார்த்தாலும் அவர் குறிப்பிட்டது மணி அடித்துப் பெயர் வாசித்த நாளை. சிகாகோவில் உடைந்த கண்ணாடியை அல்ல.

போரை உண்மையில் முடித்தவர்கள் யார் என்றால் முதல் பெயர் வியட்நாமியருடையது. 1968 ஜனவரி கடைசியில் தங்கள் புத்தாண்டான டெட் சமயத்தில் அவர்கள் நடத்திய தாக்குதலுக்குப் பிறகுதான், நிக்ஸனுக்கு முந்தைய அதிபர் ஜான்சன் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை என்று அறிவித்தார். அமெரிக்கர் 58,000க்கு மேல் இறந்தார்கள். வியட்நாமியர் கணக்கு பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சத்துக்கு மேல் வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. இரண்டாவதாக, போருக்குப் போய் வந்த சிப்பாய்கள். 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள் நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் தங்கள் பதக்கங்களை வீசியெறிந்தார்கள். அவர்களைத் தேசத்துரோகி என்று தள்ளிவிடுவது எளிதாக இருக்கவில்லை. ராணுவ முகாம்களுக்குப் பக்கத்தில் காபிக் கடை வைத்து, அந்தச் சிப்பாய்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசிய இளைஞர்கள் இருந்தார்கள். அழைப்பு வந்த பையன்களுக்குச் சட்டப்படி என்ன வழி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். அழைப்பை மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள். தீவிரம் என்றால் இதைத்தான் நான் தீவிரம் என்பேன். உங்கள் சீனியரிடம் இவர்களைப் பற்றியும் பேசுங்கள்.

அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள். வெதர்மேன் குழுவினர் பல வருஷம் தலைமறைவாக இருந்துவிட்டுப் பலர் சரணடைந்தார்கள். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டதும் வேவு பார்த்ததும் வெளியானதால் அவர்கள் மீதிருந்த பெரிய வழக்குகள் நிற்கவில்லை. 'ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்' அமைப்பின் முதல் கொள்கை அறிக்கையை 1962இல் எழுதிய டாம் ஹேடன் பிற்பாடு கலிபோர்னியா சட்டமன்றத்தில் பதினெட்டு வருஷம் உறுப்பினராக இருந்தார். மாடிசன் குண்டு வழக்கில் மூன்று பேர் பிடிபட்டுச் சிறை போனார்கள், நாலாவது ஆள் இன்றுவரை சிக்கவில்லை. முதன்மைக் குற்றவாளி ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டு 1980இல் வெளியே வந்து, அதே பல்கலைக்கழக நூலகத்தின் முன்னால் வண்டியில் பழச்சாறு விற்றார். ஃபாஸ்நாக்டின் பெயரைப் பொறித்த பலகை அந்தக் கட்டடத்தில் 2007இல்தான் வைக்கப்பட்டது.